அக்கா சொன்ன தொகை

1

இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு நவம்பர் மாதம் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்தரை மணி அளவில், ஐந்தாம் மாடியில் இருக்கும் கண் மருத்துவரைப் பார்க்கப் போனபோது, மூன்றாம் தளத்துக்கும் நான்காம் தளத்துக்கும் நடுவே மின்தூக்கி நின்றுவிட்டது. உள்ளே நான் மட்டும் இருந்தேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அங்கேதான். இது என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

(மின்தூக்கி என்று எழுதுவதே முறை. ஆனால் மின்தூக்கியில் இதுவரை யாரும் மாட்டிக்கொண்டதில்லை, மாட்டிக்கொள்வதெல்லாம் லிஃப்டில்தான். இனி லிஃப்ட் என்றே எழுதுகிறேன்.)

சிறிது நேரத்தில் கதவுக்கு வெளியே மெக்கானிக் வந்து சேர்ந்தார். முகம் தெரியவில்லை. என் தலைக்கு மேலே, கதவு முழுதாகச் சேராத இடத்தில் ஒரு விரற்கடை வெளிச்சம் இருந்தது. அதன் வழியே குரல் மட்டும் இறங்கி வந்தது.

"உள்ள எத்தனை பேரும்மா?"

"ஒருத்திதான்."

"பயப்படாதீங்க."

"பயப்படல. எப்போ திறப்பீங்க?"

அவர் விளக்கினார். மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறையில் ஒருவர் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும்; இன்னொருவர் கதவருகே நின்று, எங்கே நிறுத்துவது என்று குரல் கொடுக்க வேண்டும். ஒற்றை ஆளாக அதைச் செய்யக் கூடாது. கூட்டாளி நெரிசலில் சிக்கியிருந்தார்.

"அவரு வர்ற வரைக்கும் ஏதாவது பேசிக்கிட்டே இருங்கம்மா. உள்ள சத்தம் நின்னா எனக்குத்தான் கையும் ஓடாது காலும் ஓடாது."

"எனக்குப் பேச ஒண்ணுமில்ல. நீங்க பேசுங்க."

அவர் பேசினார். கதவு நடுவில் இருந்ததால்தான் பேசினார் என்று நினைக்கிறேன். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், என்னிடம் மணி கேட்டிருப்பாரே தவிர வேறெதுவும் சொல்லியிருக்க மாட்டார்.

வாசகர் முன்கூட்டியே அறிய வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கதையில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது லிஃப்டின் அபாய மணி அலறி, ஒரு சொல்லை விழுங்கிவிட்டது. அது முதல் ஓட்டை. கதை முடிவதற்குள் லிஃப்ட் சரியாகிவிட்டது. அது இரண்டாவது. சொல்பவர் களைத்துப் போய் நின்ற கதைகளை அறிவேன். கேட்பவர் தூங்கிப் போய் நின்ற கதைகளையும் அறிவேன். பழுது நீங்கியதால் நின்றுபோன கதை எனக்கு இதுவே முதல்.

2

தொடக்கங்கள்.

'மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலையில், மைதானத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக'

நிறுத்திவிட்டேன். மழையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

'கால்பந்து என்பது வெறும் விளையாட்டன்று, அது மனித'

இதை நான் முடிக்காமல் விட்டதற்கு வாசகர் நன்றி சொல்ல வேண்டும்.

'ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் ஓட வைக்கும் ஒருவருடைய அக்கா, லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் சக்கர நாற்காலியில் இருந்தார்.'

இது உண்மை. ஆனால் எழுதிப் பார்த்தால் எழுத்தாளரின் ஏற்பாடு போலத் தெரிகிறது. ஆகவே அக்காவைத் தரைத்தளத்துக்குக் குடிமாற்றிப் பார்த்தேன். தரைத்தளத்தில் இருந்தால், தம்பியான மெக்கானிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கால்பந்து மைதானத்துக்கே போய்விடுவார். கதையும் அவர்களோடு வாசலைத் தாண்டிப் போய்விடும். மீண்டும் நான்காம் மாடிக்கே ஏற்றிவிட்டேன். இதை ஏற்பாடு செய்தது நான் அல்ல என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

அக்கா பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். குரலுக்குப் பேர் போனவர். மைதானத்தின் கிழக்குப் பக்கப் படிகளில் நின்று அவர் கத்தினால், எல்லைக் கோட்டில் கொடியோடு ஓடும் நடுவர் திரும்பிப் பார்ப்பாராம். முதுகெலும்பில் ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது, சரியாக வரவில்லை. அதன்பின் சக்கர நாற்காலி. ஒருமுறை பரிசோதனைக்காக நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில், "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்கப்பா, சுவத்துல இடிக்குது" என்று ஒருவர் சொன்னார். திரும்பி வந்ததும் அக்கா தம்பியிடம் சொல்லிவிட்டார்:

"அலமாரிய இறக்குற மாதிரி இறக்குனீங்க. இனிமே ஆம்புலன்ஸ் வந்தாத்தான் இறங்குவேன். மேட்சுக்குக் கூட்டிட்டுப் போறேன், அங்க கூட்டிட்டுப் போறேன்னு நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்துடாத."

அவர்களுடைய கிளப் இரண்டாம் நிலையில் ஆடுவது. எந்தத் தொலைக்காட்சியும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே கிளப்பே ஒரு முயற்சி செய்தது. டிக்கெட் அறையின் கூரைமேல் ஒரே ஒரு கேமராவை நிறுத்தி, சொந்த மைதானத்து ஆட்டங்களைக் கைபேசியில் நேரலையாகக் காட்டியது. அந்த ஒரு பருவம் மட்டும் இலவசம். வருணனை கிடையாது. காற்று இரையும், கூட்டம் இரையும், நடுநடுவே கேமராவை இயக்குபவர் இருமுவார். அக்கா அவருக்கு இருமல்காரர் என்று பேர் வைத்தார்.

"இன்னைக்கு நம்ம இருமல்காரருக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்குடா. யாராவது ஒரு மாத்திரை வாங்கிக் குடுங்க."

ஆட்டம் நடக்கும்போது, "இடது பக்கம் திருப்புய்யா, பந்து அங்க கிடக்கு" என்று கைபேசியைப் பார்த்து அதட்டுவார். இருமல்காரரும் திருப்புவார். தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் அவர் திருப்புகிறார் என்பதில் அக்காவுக்கு ஐயமே இருந்ததில்லை.

முன்பெல்லாம் ஆட்டம் முடிந்ததும் தம்பி படியேறி வந்து நடந்ததைச் சொல்வார். இப்போது அக்கா அவருக்குச் சொல்லத் தொடங்கினார். "நீ எங்க பார்த்த? அது சுத்தமான ஆஃப்சைடு. முன்னாடி நின்னவன் தலையைத்தான் நீ பார்த்திருப்ப."

இன்னொன்று. நேரலை தொடங்குமுன் அக்கா தலை வாரிக்கொள்வார். வெளியே போகும்போது உடுத்தும் உடையை உடுத்திக்கொள்வார். குனிய முடியாத முதுகை வைத்துக்கொண்டு, நீண்ட பிடியுள்ள ஒரு கொக்கியால் இழுத்து, காலில் செருப்பு மாட்டிக்கொள்வார். வீட்டுக்குள் எதற்குச் செருப்பு என்று தம்பி கேட்டார்.

"வீட்டுக்குள்ள உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறவளாடா நான்?"

3

பருவம் முடியும் தறுவாயில் கிளப் எல்லா ரசிகர்களின் கைபேசிக்கும் ஒரு கேள்வியை அனுப்பியது. 'அடுத்த பருவத்திலிருந்து நேரலையைக் கட்டணத்துக்குத் தருவதானால், ஓர் ஆட்டத்துக்கு நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள்?' கீழே ஒரு கட்டம். பெயர் கேட்கப்படவில்லை.

(வாக்கியம் பிழையற்றது, சரிபார்த்துவிட்டேன். ஆனால் விலை கேட்டால் உள்ளதைச் சொல்லும் மனிதர் எவரையும் நான் அறியேன். கேள்வியை அனுப்பியவர்கள் அறிந்திருப்பார்கள் போலும்.)

மெக்கானிக்தான் ரசிகர் மன்றத் தலைவர். டயர்க்கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் மன்றம் கூடியது. ரப்பர் நெடி அடிக்கும் அந்த அறைச் சுவரில் இரண்டு கொடிகள் தொங்கின. கிளப்பின் நீலம் எந்த நீலம் என்பதில் கடைசி வரை உடன்பாடு ஏற்படாததால், இரு தரப்பும் ஆளுக்கொன்று தைத்துக்கொண்டவை அவை.

"எவ்வளவு தருவீங்கன்னு கேக்குறாங்க," என்றார் மெக்கானிக். "இது என்ன கேள்வின்னு புரியுதா? நம்ம பாக்கெட்டுல அவங்க கையை விட்டுத் துழாவுற கேள்வி."

"அதுக்காகப் பொய் சொல்லலாமா தலைவரே?" என்றார் பள்ளி வேன் ஓட்டுநர்.

"பொய் இல்லய்யா, பேரம். நான் லிஃப்டுக்குக் கயிறு மாத்தப் போறேன். கட்டடத்துக்காரர் எவ்வளவு ஆகும்னு கேட்பாரு. நீங்க எவ்வளவு போடலாம்னு இருக்கீங்கன்னு நான் கேட்பேன். யாரு முதல்ல வாயைத் திறக்குறாங்களோ, அவங்க தோத்தாங்க."

"அப்ப நாமளும் வாயே திறக்க வேணாமே."

"ஒண்ணும் சொல்லலேன்னா ஆர்வம் இல்லேன்னு எடுத்துப்பாங்க. சொல்லணும். கம்மியாச் சொல்லணும். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். ஒரு டீ விலை. அதுக்கு மேல சல்லிக்காசு கிடையாது."

"ஒரு டீயா?" டயர்க்கடைக்காரர் சிரித்தார். "நம்ம பசங்க ஆடுற ஆட்டத்துக்கு அரை டீ போதும் தலைவரே. அதுவும் ஆறின டீ."

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் ஒரு டீன்னு போட்டா, இது யாருக்கும் வேணாம் போலிருக்குன்னு நினைச்சுட மாட்டாங்களாண்ணே?"

"நம்ம கிளப்பு என்ன பெட்டிக்கடையா, வியாபாரம் இல்லேன்னு மூடிட்டுப் போக?" என்றார் மெக்கானிக்.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள். நீலத்தில்கூட ஒன்றுபடாத மன்றம் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அது. இந்த இடத்தைச் சொல்லும்போது கதவுக்கு வெளியே குரல் சற்று நிமிர்ந்தது. அந்தப் பெருமை அவரிடம் இன்னும் முழுதாக அழியவில்லை என்று எனக்குப் பட்டது.

[மருந்துக்கடைப் பெண்ணைப் பற்றி ஐயம். மெக்கானிக் சொன்ன கதையில் இவர் இல்லை. ஓர் அறை நிறைய மனிதர்கள் இருந்தும் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை என்றால் வாசகர் நம்பமாட்டார் என்பதற்காக நான் கொண்டுவந்து உட்காரவைத்தேன். ஆனால் நடந்தது அதுதான்: ஒருவருக்கும் தோன்றவில்லை. இவரை நீக்கிவிட வேண்டும்.]

4

மறுநாள் மெக்கானிக் அக்கா வீட்டுக்குப் போனார். கைபேசி, அக்காவின் மேசையில், எப்போதும் போல் சர்க்கரை டப்பாமீது சாய்ந்திருந்தது.

"எழுத்து பொடிப் பொடியா இருக்கு. நீயே போட்டுடு," என்றார் அக்கா.

"எவ்வளவுக்கா?"

"அதிகபட்சம்னுதானே கேக்குறாங்க?"

"ஆமா."

"அப்ப யோசிச்சுத்தான் சொல்லணும்." அக்கா யோசித்தார். "டிவிய நிறுத்திடலாம். அதுல என்ன இருக்கு, எந்நேரமும் யாராவது அழுதுக்கிட்டே இருக்காங்க. வேலைக்கு வர்றவங்களை ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொல்லலாம். நான் என்ன, ஓடியாடி வீட்டை அழுக்காக்கவா போறேன்?" பிறகு தொகையைச் சொன்னார்.

"(                )."

இதுவே முதல் ஓட்டை. மெக்கானிக் தொகையைச் சொன்ன அதே கணத்தில், மொட்டை மாடிக்கு வந்துவிட்ட கூட்டாளி முதல் முறையாகச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி, சக்கரம் இறுகிக்கொள்ள, நின்றது. அபாய மணி அலறியது. மணி ஓய்ந்தபோது வெளியே குரல் தொடர்ந்துகொண்டிருந்தது: "…ன்னு சொல்லுதும்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு."

திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒருவர் மனத்தைத் திறந்து வைத்திருக்கும்போது 'தொகை எவ்வளவு?' என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

பின்னர், எழுத உட்கார்ந்தபோது, அந்த அடைப்புக்குறியை நிரப்ப முயன்றேன். பத்து டீ என்று எழுதினேன். அக்கா சிக்கனமானவராகத் தெரிந்தார். வேலைக்கு வருபவரின் ஒரு வாரச் சம்பளம் என்று எழுதினேன்; புத்தி பிசகியவராகத் தெரிந்தார். ஓய்வூதியத்தில் பாதி என்று எழுதினேன்; தியாகியாகத் தெரிந்தார். அவர் இவர்களில் யாரும் இல்லை. கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொன்னவர் அவர் ஒருவரே.

"உனக்கு என்னக்கா ஆச்சு? அவ்வளவு யாரு கேட்டா?"

"அவங்கதானடா கேக்குறாங்க."

"மன்றத்துல ஒரு டீன்னு முடிவு பண்ணியிருக்கோம். எல்லாரும் அதைத்தான் போடுறாங்க."

"மன்றத்துக்கு என்னப்பா, படியேறும், இறங்கும். நான் இறங்குறேனா?"

தம்பி கட்டத்தில் ஒரு டீயின் விலையை இட்டார், அனுப்பினார்.

"போட்டாச்சுக்கா."

"நான் சொன்னதைத்தானே போட்ட?"

"ஆமாக்கா."

"அதோட நல்லதுக்குத்தாம்மா போட்டேன்," என்றார் மெக்கானிக், கதவுக்கு வெளியே. நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மா, உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேன். வேற எங்க போறது?"

5

டிக்கெட் சாளரத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. 'ரசிகர்கள் அளித்த பதில்களை மதித்து, நேரலை முயற்சி கைவிடப்படுகிறது.'

மெக்கானிக் கிளப்பின் கணக்கரைப் பார்க்கப் போனார். பார்வையாளர் படிகளுக்கு அடியில் சரிந்த கூரையோடு ஓர் அறை. மூலையில் சுருட்டி வைத்த கோல் வலைகள். அவற்றின்மேல் கணக்கரின் மதிய உணவுப் பை.

"சார், நாங்க சும்மா போட்டோம்."

"என்ன சும்மா?"

"பேரம் சார். நீங்க மூணு டீன்னுவீங்க, நாங்க ஒண்ணரைன்னுவோம், ரெண்டுல வந்து முடியும்னு பார்த்தோம்."

"நாங்க பேரமே பேசலியே. எவ்வளவு தருவீங்கன்னு கேட்டோம். சொன்னீங்க. நம்பிட்டோம்."

"அதை எப்படி சார் நம்புனீங்க?"

கணக்கர் அவரைப் பார்த்தார். "வேற எதைங்க நம்புறது?"

(கணக்கரைக் கல்நெஞ்சராக எழுதத் தொடங்கி, இரண்டு பக்கம் வீணாயிற்று. அவர் அப்படிப்பட்டவர் அல்லர். அடுத்து அவர் சொன்னதை மெக்கானிக் சொன்னபடியே தருகிறேன். இதை நான் கூட்டவில்லை. கூட்டியிருந்தால் இத்தனை கொடுமையாகக் கூட்டியிருக்க மாட்டேன்.)

"கமிட்டியில நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வீட்டை விட்டு வரமுடியாதவங்க நாலு பேராவது இருப்பாங்க, அவங்களுக்காகவாவது ஓட்டலாம்னேன். எங்கய்யா அந்த நாலு பேருன்னு கேட்டாங்க. ஒரே ஒருத்தர் கொஞ்சம் பெரிய தொகையாப் போட்டிருந்தாக்கூட அதைக் காட்டி வாதாடியிருப்பேன். மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு டீ, ஒரு டீ, ஒரு டீ. நம்ம ரசிகர்கள் இவ்வளவு ஒத்துமையா இருந்து நான் பார்த்ததே இல்லீங்க."

மெக்கானிக் எதிரே நின்றுகொண்டே இருந்தார். அந்த ஒருவர் யார் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தொகை எவ்வளவு என்றும் தெரியும். அதை இப்போது சொன்னால், காரியம் கெட்டபின் கதை கட்டுகிறான் என்றுதான் கணக்கர் நினைப்பார்; யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"இன்னொரு தடவை கேளுங்க சார். இந்தத் தடவை ஒழுங்காப் போடச் சொல்றேன்."

"கேமராக்காரரு வேற இடத்துல சேர்ந்துட்டாரு. ஏதோ டியூஷன் சென்டராம். பாடம் நடத்துறதைப் படம் பிடிக்கிறாரு."

"இருமுவாரே, அவரா?"

"அவருதான். அங்க பிள்ளைங்க சிரிக்குதாம்."

6

'அதன்பின் மெக்கானிக் ஒரு வழி கண்டுபிடித்தார்' என்று எழுதினேன். வழி என்ற சொல்லை அடித்துவிட்டு, அவர் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

புதிய பருவத்தில், நான் லிஃப்டில் மாட்டிக்கொண்ட நாளுக்கு முந்தைய சனிக்கிழமை, அவர் மைதானத்திலிருந்து அக்காவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் சிறிது நேரம் ஒழுங்காகப் போயிற்று. "இடது பக்கம் திருப்பு" என்றார் அக்கா, தம்பி திருப்பினார். அப்போது கோல் விழுந்தது.

"யாருடா போட்டா?"

"நம்ம ஒன்பதாம் நம்பருக்கா."

"எனக்கு வானம்தான் தெரிஞ்சுது."

குதித்துவிட்டிருக்கிறார். குதித்தது அவருக்கே தெரியாது. இனி அசைவதில்லை என்று உறுதி செய்துகொண்டு, காலை அகட்டி ஊன்றி நின்றார். இரண்டாவது கோலின்போது அக்காவுக்கு முன்வரிசைக்காரரின் சட்டைக் காலர் தெரிந்தது. இடைவேளையில், மின்கம்பிகளைக் கட்டுவதற்காக எப்போதும் பையில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பட்டையால் கைபேசியைத் தடுப்புக் கம்பியில் கட்டினார். கைபேசி அசையாமல் நின்றது. அதற்கு நேர் எதிரே ஒருவர் வந்து நின்றார்; ஆட்டம் முடியும்வரை அவர் நகரவில்லை.

"அவரு சட்டையில தோள்பட்டைகிட்ட தையல் விட்டிருக்குடா. சொல்லிடு," என்றார் அக்கா. பிறகு அவரே அழைப்பைத் துண்டித்தார்.

இதைச் சொல்லும்போது மெக்கானிக் சிரித்தார். நானும் உள்ளே சிரித்தேன். பிறகு அவர் சொன்னார்:

"அசையாம நிக்கணும்னா அந்த டீம் மேல ஆசையே இல்லாதவனா இருக்கணும்மா. காசு வாங்கிக்கிட்டு நிக்கிறவனாலதான் முடியும். இருமல்காரருக்கு எந்த டீம் ஜெயிச்சா என்ன? அதனாலதான் எங்க அக்காவுக்குக் கோல் தெரிஞ்சுது."

ஆட்டம் முடிந்து அவர் நான்காம் மாடிக்கு ஏறிப் போனபோது, அக்கா சக்கர நாற்காலியில் அப்படியே இருந்தார். தலை வாரியிருந்தது. காலில் செருப்பு இருந்தது.

"தம்பி, நான் அன்னைக்குச் சொன்னேனே, அந்தத் தொகை பத்தலையாடா?"

தம்பி மேசையிலிருந்த சர்க்கரை டப்பாவை நகர்த்தி வைத்தார்.

"பத்தலேன்னா சொல்லு. இன்னும் கொஞ்சம் கூட்டிக்கலாம். சாயங்கால மாத்திரைய இனிமே பாதியாக்கிக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. அதுல மிச்சமாகும். கிளப்புல போய்ச் சொல்லிப் பாரேன்."

வெளிச்சக் கீற்றின் வழியே குரல் மிகவும் தாழ்ந்து வந்தது.

"டாக்டர் அப்படிச் சொல்லலேம்மா. நான்தானே அவரைப் போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

அப்போது லிஃப்ட் நகர்ந்தது. இம்முறை மணி அடிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அங்கேயே நிறுத்து" என்று மெக்கானிக் மேலே பார்த்துக் குரல் கொடுப்பது கேட்டது. கதவு திறந்தது. சாம்பல் நிறச் சட்டை, கையில் முக்கோணச் சாவி, ஒல்லியான மனிதர். லிஃப்டின் தளம் வெளித்தளத்தைவிட ஒரு சாண் உயரத்தில் நின்றது. கையை நீட்டினார்.

"பார்த்து இறங்குங்கம்மா."

இறங்கினேன். "நீங்க அக்காகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

இப்போது அவர் முகம் எனக்குத் தெரிந்தது. என் முகம் அவருக்குத் தெரிந்தது.

"இது மூணாவது மாடிதாம்மா," என்றார். "டாக்டருக்கு இன்னும் ரெண்டு மாடி ஏறணும். மெதுவாப் போங்க."

7

முடிவுகள்.

முதல் முடிவில் தம்பி உண்மையைச் சொல்லிவிடுகிறார். அக்கா நெடுநேரம் சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விடுடா" என்கிறார். நெடுநேரம் சாளரத்தைப் பார்ப்பவர்களை நான் கதைகளில் மட்டுமே கண்டிருக்கிறேன். அந்த 'விடுடா' அக்காவுக்கு எளிதாக வரவில்லை. எனக்குத்தான் எளிதாக வந்தது. நீக்கினேன்.

இரண்டாம் முடிவில் தம்பி சொல்வதில்லை. "கிளப்புல கேட்டுட்டு வர்றேன்கா" என்கிறார். அடுத்த வாரம் அக்கா தொகையைக் கூட்டுகிறார். அதற்கடுத்த வாரம் மறுபடியும் கூட்டுகிறார். மாத்திரை பாதியாகிறது, கால் ஆகிறது, அதன்பின் அவர்

இதற்குமேல் எழுத முடியவில்லை. இதுவே நடந்திருக்கக் கூடியது என்பதால் முடியவில்லை.

மூன்றாம் முடிவைச் சொல்லக் கூசுகிறது, ஆனால் எழுதினேன். கணக்கர் கமிட்டியோடு சண்டை போட்டுக் கேமராவைத் திரும்பக் கொண்டுவருகிறார். அக்கா செருப்பை மாட்டிக்கொள்கிறார். திரை ஒளிர்கிறது, காற்று இரைகிறது, ஓர் இருமல் கேட்கிறது. நன்றாகவே வந்திருந்தது. மறுநாள் காலையில் படித்துப் பார்த்தபோது, தம்பி அக்காவுக்குச் செய்ததையே நான் வாசகருக்குச் செய்திருக்கிறேன் என்று கண்டேன். பிறர் நல்லதுக்கென்று உள்ளதை மாற்றி எழுதிவிட்டு, 'போட்டாச்சு' என்று சொல்வது. கிழித்துவிட்டேன்.

கண்ணாடி மாற்றுவதற்காக ஜனவரியில் மீண்டும் அதே கட்டடத்துக்குப் போனேன். லிஃப்டின் கதவில் வேறொரு மெக்கானிக் எண்ணெய் இட்டுக்கொண்டிருந்தார். பழையவரைப் பற்றி விசாரித்தேன்.

"அவரா? இப்ப சனிக்கிழமை டியூட்டியெல்லாம் கேட்டு வாங்கிக்கிறாரும்மா. மேட்ச் நாளானா கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்குற ஆளு. என்னமோ தெரியல."

கேட்பதற்கு எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. அவருடைய அக்கா எப்படி இருக்கிறார் என்பது. லிஃப்ட் வந்து நின்றது. நான் படியில் ஏறிப் போனேன்.

இந்தக் கதையை வெளியிட இசைந்த பத்திரிகையின் ஆசிரியர், நான்காம் பகுதியில் ஒரு தொகையை இட்டுத் தருமாறு கேட்டார். "ஏதாவது ஒண்ணு போட்டுடுங்கம்மா, படிக்கிறவங்க குழம்பிடுவாங்க" என்பது அவர் சொன்னது. ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுவதால் என்ன ஆகும் என்பதே கதை என்று அவருக்குப் பதில் எழுதினேன்.

ஆகவே வாசகரே, அந்த அடைப்புக்குறி உங்களுடையது. ஒரு மனுஷி, தலை வாரிக்கொண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, நான்காம் மாடியிலிருந்து வாரம் ஒருமுறை வெளியே போய்வர, அதிகபட்சம் எவ்வளவு தருவாள்? எழுதும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். பேரம் என்று எண்ணிக் குறைக்காதீர்கள். எதிர்ப்பக்கத்தில் பேரம் பேச யாரும் இல்லை. நீங்கள் எழுதுவதை அப்படியே நம்பிவிடுபவர்கள்தாம் இருக்கிறார்கள்.

இறுதியாக முடிவானவற்றைக் கூறிவிடுகிறேன். நேரலை இல்லை, அடுத்த பருவத்துக்கும் இல்லை என்று கமிட்டி முடிவெடுத்துவிட்டது. டிக்கெட் அறைக் கூரையில் கேமரா நின்ற இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். தலைவர் வராததால் மன்றம் கூடுவதில்லை, கலைக்கப்படவும் இல்லை. மெக்கானிக் சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகிறார். அக்காவிடம் உண்மை சொல்லப்பட்டதா என்று இனி விசாரிப்பதில்லை என நான் முடிவு செய்திருக்கிறேன். மருந்துக்கடைப் பெண்ணை நீக்கவில்லை. அந்த அறையில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் நான் எதையும் எழுதவில்லை.